கால்பந்து அழைப்பை ஏற்கும் முன் கல்லூரியிடம் கேட்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஐயா,

டெக்ஸாஸில் பதினோராம் வகுப்பு படிக்கும் தங்கள் மகனுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர்கள் தொலைபேசியில் இடம் தருவதாகச் சொல்லியிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் வாய்மொழி வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது என்பதால், எழுத்துவடிவ நிதியுதவி ஒப்பந்தம் கைக்கு வரும்வரை மற்றக் கல்லூரிகளை விலக்கிவிட வேண்டாம். ஒப்பந்தம் வந்ததும், உதவித்தொகை ஓராண்டுக்கு மட்டுமா, நான்காண்டுக்கும் உரியதா, காயத்தால் ஆட முடியாமல் போனாலும் தொடருமா என்பதைத் தொகைக்கு முன்பாகப் பாருங்கள்.

கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. மீது வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் அளித்த தீர்வின்படி, அதில் இணைந்த பல்கலைக்கழகங்கள் 2025-26 கல்வியாண்டில் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். அப்பல்கலைக்கழகங்களின் முதல்நிலைக் கால்பந்து அணிகளில் 85 பேருக்கே உதவித்தொகை என்ற பழைய உச்சவரம்பு நீங்கியிருந்தாலும், அணியில் மொத்தமே 105 பேர்தான் இருக்கலாம் என்றாகிவிட்டதால், சொந்தச் செலவில் சேர்ந்து படிப்படியாக முன்னேறும் மாணவனுக்கு வழி குறுகிவிட்டது.

பயிற்சியாளரை நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில், ஒப்பந்தப்படி அவருக்கு 7.5 கோடி டாலருக்கும் மேல் கொடுக்க வேண்டியிருந்தும், தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. தலைமைப் பயிற்சியாளர் போனால் உதவிப் பயிற்சியாளர்களும் பெரும்பாலும் கலைந்துவிடுவார்கள். புதிதாக வருபவர் தமக்குப் பிடித்த வீரர்களை வேறு கல்லூரிகளிலிருந்து அழைத்துக்கொள்வார். அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகம் 2014 டிசம்பரில் செலவைக் காரணம் காட்டி அணியையே கலைத்தது. அது மீண்டும் களமிறங்கியது 2017-இல்தான்.

படிப்பு விஷயத்தில் அவசரம் இப்போதே இருக்கிறது. என்.சி.ஏ.ஏ.வின் மூன்று பிரிவுகளில் மேலானதான முதல் பிரிவில் ஆட, என்.சி.ஏ.ஏ. ஏற்கும் 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் 4-க்கு 2.3 என்ற சராசரி மதிப்பெண்ணும் (ஜி.பி.ஏ.) தேவை, அவற்றுள் பத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடித்தாக வேண்டும். கல்லூரியில் சேர்ந்தபின் இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டு முடிவுகளில் பட்டப்படிப்பின் 40, 60, 80 சதவீதம் முடிந்திருக்க வேண்டும் என்ற விதி, இடையில் துறை மாறுவதைக் கடினமாக்குவதோடு, எளிதான துறைக்கு மாணவனை மெல்லத் தள்ளவும் செய்கிறது. வட கரோலினாவின் சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் வகுப்பே நடக்காத பாடங்களில் 18 ஆண்டுகளில் 3,100 பேர் மதிப்பெண் பெற்றதும், அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் விளையாட்டு வீரர்களாக இருந்ததும் 2014-இல் வெளியான விசாரணை அறிக்கையில் பதிவாகியுள்ளன.

தங்கள் மகன் விரும்புவது இயந்திரப் பொறியியல் அல்லவா? பிற்பகல் ஆய்வக நேரமும் அணியின் பயிற்சி நேரமும் மோதுமா என்று நேரில் கேளுங்கள். அணிப் பட்டியலில் பல கல்லூரிகள் வீரர்களின் துறையையும் வெளியிடுகின்றன; அதில் மூன்றாம், நான்காம் ஆண்டுப் பொறியியல் மாணவர் ஒருவர்கூட இல்லையென்றால், பயிற்சியாளர் தரும் பதில் எதுவாயினும் நான் நம்பமாட்டேன்.

ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகளும் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும் விளையாட்டுக்கென உதவித்தொகை தருவதில்லை. அங்கே ஆட்டத்தை விட்டாலும் நிதியுதவி போகாது. ஆனால் ஐவி லீகில் அது முழுக்கக் குடும்பத்தின் பொருளாதார நிலையைப் பொறுத்ததாகையால், இருவரும் சம்பாதிக்கும் தங்கள் வீட்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கல்லூரி இணையதளங்களில் உள்ள கட்டணக் கணிப்பானில் இந்த வாரமே கணக்கிட்டு, அந்தத் தாள்களோடு என்னைச் சந்திக்க வாருங்கள்.