கோடு போடுகிற பெண்ணுக்கு எந்த குரூப்?

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த நாளிலிருந்து மகள் லேப்டாப்பை விட்டு எழுந்திருப்பதில்லை. கேட்டால் "பைத்தான்ல படம் போடறேன்" என்கிறாள். அவள் அப்பா பிளஸ் ஒன்னில் பயோ மேத்ஸ் குரூப்தான் என்று உறுதியாக இருக்கிறார். சொந்தக்காரர் ஒருவர், படம் வரைகிற பிள்ளையை அனிமேஷன் டிப்ளமாவில் சேர்த்துவிடச் சொல்கிறார். நடுவில் நீங்கள் தூக்கம் கெட்டு நிற்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றோடு வந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் பத்து வரி ப்ரோக்ராம் இருந்தது. நான் அதிக நேரம் பார்த்தது அதைத்தான்.

அதில் ஓர் ஐங்கோணம் வரைய முயன்றிருக்கிறாள். பைத்தான் என்பது ஒரு கணினி மொழி. அதோடு இலவசமாகவே வரும் டர்ட்டில் (ஆமை) என்ற நூலகத்தை, அதாவது தயாராக எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பை, பயன்படுத்துகிறாள். திரையின் நடுவில் ஓர் ஆமை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'ஃபார்வர்டு 100' என்றால் அது தன் சின்னக் காலடியில் நூறு முன்னால் போகும், போன வழியில் கோடு விழும். 'ரைட் 90' என்றால் நின்ற இடத்திலேயே வலப்பக்கம் திரும்பும். நான்கு தடவை போய் நான்கு தடவை திரும்பினால் சதுரம். உங்கள் மகள் ஐங்கோணத்துக்கு முதலில் 108 டிகிரி திரும்பச் சொல்லியிருக்கிறாள். பள்ளிப் புத்தகத்தில் ஒழுங்கு ஐங்கோணத்தின் உட்கோணம் 108 என்றுதானே இருக்கிறது! ஓட்டினால் வடிவம் மூடவில்லை, கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயிருக்கும். அந்த வரியை அழிக்காமல் முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டு ஒதுக்கி வைத்துவிட்டு, கீழே 72 என்று எழுதியிருக்கிறாள். ஆமை திரும்புவது வெளிக்கோணத்தில். முழுச் சுற்று 360, அதை ஐந்தால் வகுத்தால் 72. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், சொல்லித் தந்திருந்தால் அந்த 108 அங்கே கிடந்திருக்காது. அந்த ஒதுக்கி வைத்த வரி எனக்கு அவளுடைய மார்க் ஷீட்டைவிட அதிகம் சொல்கிறது.

இந்த ஆமைக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1967-இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோய்ர்சைக் முதலானோர் குழந்தைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். பிறகு பேனா பொருத்திய ஒரு சின்ன ரோபோ தரையில் ஊர்ந்து கோடு போட்டது, அதுதான் லோகோவின் முதல் ஆமை. குழந்தை தானே நடந்து, திரும்பி, உடம்பால் வடிவியலை உணர வேண்டும் என்பது பேப்பர்ட்டின் எண்ணம். உங்கள் மகள் கூடத்தில் தனியாக நடந்து நடந்து திரும்புகிறாள் என்று கவலையோடு எழுதியிருக்கிறீர்களே, அவள் ஆமையாக நடந்து பார்க்கிறாள் அம்மா. பயப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, இது உங்களுக்கு நெருக்கமானது. நீங்கள் வாசலில் போடும் சிக்குக் கோலமும் இதே வேலைதான். புள்ளி வைக்கிறீர்கள், புள்ளியைச் சுற்றி வளைக்கிறீர்கள், எடுத்த கையைத் தொடங்கிய இடத்தில் சேர்க்கிறீர்கள். இதில் ஒரு விதி ஒளிந்திருக்கிறது என்று கண்டு, தாம்பரம் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-இலேயே கோலத்துக்கு இலக்கணம் வகுத்து ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கணினி அறிவியலில் அது இன்றும் பேசப்படும் வேலை. ஆகவே "இதெல்லாம் ஒரு படிப்பா" என்று வீட்டில் யாராவது கேட்டால், நீங்களே பதில் சொல்லலாம்.

சரி, குரூப்புக்கு வருகிறேன். அவளுக்கு டாக்டராகும் ஆசை இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல் உள்ள குரூப் அவளுக்குப் பொருந்தும். நம் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ் என்ற கணினி மொழி, பிளஸ் டூவில் பைத்தான் வருகிறது. கடைசியில் தரவுகளைக் கோட்டுப்படமாகவும் பட்டைப்படமாகவும் வரைகிற பாடமும் உண்டு. அதை அவள் ஒரே மாலையில் முடித்துவிடுவாள்.

அப்பா விடவே மாட்டேன் என்றால்? பயோ மேத்ஸ் எடுத்தாலும் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் கதவு மூடிவிடாது. நம் மாநிலப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பிளஸ் டூவில் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதற்காக வீட்டில் சண்டை வேண்டாம். கணிதம் இல்லாத குரூப்பை மட்டும் யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிளஸ் ஒன் கணிதத்தில் வெக்டரும் அணிகளும் (மேட்ரிக்ஸ்) வரும். திரையில் ஒரு வடிவத்தைச் சுழற்றுவது, பெரிதாக்குவது, முப்பரிமாணத்தில் காட்டுவது எல்லாம் அந்த இரண்டு பாடங்களின் மேல்தான் நிற்கின்றன. மற்ற பிள்ளைகள் "இது எதுக்குப் படிக்கிறோம்" என்று கேட்கும் பக்கங்களில் இவளுக்கு மட்டும் விடை தெரிந்திருக்கும்.

அனிமேஷன் டிப்ளமாவைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். அது கெட்ட படிப்பல்ல. கையால் ஓவியம் வரைவதில், உடல் அசைவைக் கவனிப்பதில், கதை சொல்வதில் பித்துப் பிடித்த பிள்ளைகளுக்கு அது வாழ்க்கை. ஆனால் அங்கே சொல்லித் தருவது, வேறு யாரோ எழுதிய மென்பொருளைக் கையாளுவதை. உங்கள் மகளுக்கு ஆசை அந்த மென்பொருளுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதில். கடன் வாங்கி இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பம் அப்படிக் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற முடியாமல் தவித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிளஸ் டூ முடிக்கும்போது அவள் மனம் வடிவமைப்புப் பக்கம் திரும்பினால், ஐஐடிகளின் பி.டெஸ் என்ற வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கான யூசீட் நுழைவுத் தேர்வு இருக்கிறது. எந்த குரூப் படித்தவரும் எழுதலாம். அவசரமே இல்லை.

வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். வரைபடச் செயலிகள், கட்டட வரைவு மென்பொருள், ஸ்கேன் படங்களைக் காட்டும் மருத்துவ மென்பொருள், கேம், செய்தித்தளங்களின் தேர்தல் வரைபடங்கள், எல்லாவற்றிலும் கோடு போடத் தெரிந்த ப்ரோக்ராமர் தேவை. நீங்கள் போனில் படிக்கும் தமிழ் எழுத்தும் வளைகோடுகளால் ஆனதுதான். ரெனோ கார் கம்பெனியில் வேலை பார்த்த பியர் பெசியே காரின் உடல் வளைவுகளுக்காகப் பயன்படுத்திய அதே வகை வளைகோடு, நம் 'ழ'வின் சுழிக்குள்ளும் இருக்கிறது. ஆனால் முதல் வேலையே கிராபிக்ஸில் கிடைத்துவிடும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். பலருக்குச் சாதாரண மென்பொருள் வேலையில்தான் தொடக்கம். கணிதம் பலமாக இருந்தால் அங்கிருந்து நகர முடியும்.

அப்புறம் அந்தத் தலைகீழ் வீடு. பைகேமில் (பைத்தானில் கேம் செய்ய உதவும் நூலகம்) வரைந்த வீட்டின் கூரை கீழே போய்விட்டது, இரண்டு நாளாக அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். டர்ட்டிலில் பூஜ்ஜியப் புள்ளி திரையின் நடுவில், ஒய் மதிப்பு கூடினால் மேலே போகும், கணக்கு நோட்டில் இருப்பது மாதிரியே. பைகேமில் பூஜ்ஜியம் இடது மேல் மூலையில், ஒய் கூடினால் கீழே இறங்கும். பழைய குழாய்த் திரைகளில் ஒளிக்கற்றை மேல் இடது மூலையில் தொடங்கி வரிவரியாகக் கீழே வந்தது, அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஜன்னல் உயரம் 600 என்றால், ஒவ்வொரு புள்ளியின் ஒய் மதிப்பையும் 600-இலிருந்து கழித்தால் வீடு நிமிர்ந்துவிடும்.

இதை நீங்கள் அவளிடம் சொல்லிவிடாதீர்கள் அம்மா. பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தத் திரையில் பூஜ்ஜியம் எங்கே இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். அவள் தேடட்டும். குரூப் படிவம் கொடுப்பதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. ஒரு ஞாயிறு அவள் அப்பாவையும் கூட உட்கார வைத்து, படத்தை விட்டுவிட்டு ப்ரோக்ராமை வரிவரியாக விளக்கச் சொல்லுங்கள். இன்னொரு ஞாயிறு உங்கள் ஐந்து புள்ளிச் சிக்குக் கோலத்தை ஆமைக்குச் சொல்லித் தரச் சொல்லுங்கள். எங்கே வளைக்க வேண்டும் என்று உங்களைத்தான் கேட்பாள். வீடு நிமிர்ந்ததும் எனக்கு எழுதச் சொல்லுங்கள், ப்ரோக்ராமையும் சேர்த்து அனுப்பட்டும்.