அறுவைக்கு முன் இரண்டு வாரங்கள்

கேள்வி: எனக்கு வயது 42. எடையைக் குறைப்பதற்காக இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்ள இருக்கிறேன். அதற்கு முன் இரண்டு வாரங்கள் திரவ உணவு மட்டுமே உண்ண வேண்டும் என்கிறார் மருத்துவர். எப்படியும் எடை குறையத்தானே போகிறது, இந்தப் பட்டினி எதற்கு?

பதில்: இது எடைக்காக அன்று, கல்லீரலுக்காக. உடல் பருமன் உள்ளவர்களில் பலருக்குக் கல்லீரலில் கொழுப்புச் சேர்ந்து அது பெருத்திருக்கும். அதன் இடப்பகுதி இரைப்பையின் மேல் கவிந்திருப்பதால், சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்தும் மருத்துவர் அதைத் தூக்கிப் பிடித்தபடிதான் வேலை செய்ய வேண்டும். மாவுச்சத்தையும் கொழுப்பையும் குறைத்துப் புரதம் மிகுந்த திரவங்களை அருந்தினால், இரண்டு வாரங்களிலேயே கல்லீரல் குறிப்பிடத்தக்க அளவு சுருங்கி அவருக்கு இடம் கிடைக்கும். கடைசி விருந்து என்று சொல்லி இந்த நாள்களில் ஆசை தீர உண்பவர்களும் உண்டு (ஆசை புரிகிறது!), ஆனால் கல்லீரல் பெரிதாகவே இருந்தால் சிகிச்சையைத் தள்ளிவைக்கவும் நேரலாம். நீங்கள் நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரானால், உணவு குறையும்போது சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும் என்பதால், மருந்தின் அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். உறக்கத்தில் உரத்த குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தால் மயக்க மருந்து நிபுணரிடம் மறைக்காதீர்கள்.