300 பேர் ‘வருகிறேன்’ என்றார்கள், 40 பேர் டிக்கெட் வாங்கினார்கள்

சேலத்தில் கைப்பேசி விளையாட்டு ரசிகர்களுக்கான சந்திப்புகளைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். கையைச் சுட்டுக்கொண்டுதான் கற்றேன். டிக்கெட் விற்பனை பற்றியும் ஏற்பாடுகள் பற்றியும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

ஆத்தூர் நண்பர்: அண்ணா, வாட்ஸ்அப் குழுவில் 300 பேர் வருவதாகச் சொன்னார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் 40 பேர்தான். எங்கே தவறு?

கட்டைவிரலை உயர்த்திக் காட்டக் காசு தேவையில்லை தம்பி. அதை வரவில் எழுதியதுதான் தவறு. நானும் எழுதியிருக்கிறேன். அஸ்தம்பட்டியில் நடத்திய முதல் சந்திப்புக்குப் பரிசைக் கொட்டை எழுத்தில் அச்சடித்தேன். எத்தனை மணிக்கு முடியும் என்பதைப் போடவே இல்லை. ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்து, “முடிந்ததும் பிள்ளை எந்த பஸ்ஸில் ஏறுவான்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த டிக்கெட் போனது. அவனோடு வரவிருந்த மூன்று பேரும் போனார்கள்.

டிக்கெட் கேட்பவன் பையன், காசு கொடுப்பவர் அம்மா. அடுத்த போஸ்டரில் முடியும் நேரம் மாலை 5 மணி, புதிய பஸ் நிலையத்துக்கு எவ்வளவு தூரம், பொறுப்பாளரின் எண் ஆகிய மூன்றையும் மேலே போட்டேன். பரிசு கீழே போனது. ஓமலூர், ராசிபுரம் பையன்கள் அதன் பிறகுதான் வரத் தொடங்கினார்கள்.

இன்னொன்று, நால்வர் டிக்கெட். பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) என்ற கைப்பேசிச் சுடும் விளையாட்டில் ஓர் அணிக்கு நான்கு பேர். தனி டிக்கெட் 150 ரூபாய், நால்வருக்கு 500 என்று வையுங்கள். மற்ற மூவரையும் பிடித்து இழுத்துவரும் வேலையை அணித்தலைவனே பார்த்துக்கொள்வான்.

அம்மாபேட்டை நண்பர்: முன்பதிவுச் சலுகையை எத்தனை நாள் தரலாம்?

நாள் கணக்கு வேண்டாம். ‘முதல் 50 டிக்கெட்’ என்று எண்ணிக்கையில் வையுங்கள். தேதியை ஒருமுறை நீட்டித்துவிட்டால் அடுத்த முறை எல்லோரும் நீட்டிப்புக்காகக் காத்திருப்பார்கள்.

கருப்பூர் மாணவி: வெளியில் நடந்தபடி கைப்பேசியில் கற்பனை உயிரினங்களைப் பிடிக்கும் விளையாட்டான போகேமான் கோவுக்காக ஏற்காட்டில் ஒரு நடை நடத்த ஆசை. சரிவருமா?

சரிவரும், சிக்னலைச் சோதித்தால். 2017 ஜூலையில் சிகாகோவின் கிராண்ட் பூங்காவில் நடந்த முதல் போகேமான் கோ ஃபெஸ்ட்டுக்குச் சுமார் 20,000 பேர் வந்தார்கள். கைப்பேசி வலையமைப்பு திணறியது, பலரால் விளையாட்டுக்குள் நுழையவே முடியவில்லை. நடத்திய நயான்டிக் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால் நமக்கு?

அதனால், நீங்கள் நடத்தப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் ஒருமுறை மேலே போய்வாருங்கள். வெவ்வேறு நிறுவன சிம்களோடு ஏரியைச் சுற்றி நடந்து, போகேஸ்டாப்கள் (விளையாட்டுப் பொருட்களைச் சேகரிக்கும் இடங்கள்) எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். மே மாதக் கோடை விழா நாட்களைத் தொடவே தொடாதீர்கள். வண்டி நிறுத்த இடமிருக்காது, சிக்னலும் சுற்றுலாக் கூட்டத்தோடு பங்குபோகும். போகேமான் கோவின் சிறப்பு நாளான கம்யூனிட்டி டே பெரும்பாலும் பிற்பகல் 2 முதல் 5 வரை நடக்கிறது. மலையில் மழையும் பனிமூட்டமும் வரக்கூடிய நேரமும் அதுதான். ஒதுங்கக் கூரையுள்ள ஓர் இடத்தை முதலிலேயே பேசிவையுங்கள். மலைச்சாலையில் கைப்பேசியைப் பார்த்தபடி யாரும் நடக்கக் கூடாது என்பதை டிக்கெட்டிலேயே அச்சடியுங்கள்.

பஸ் கட்டணத்தையும் டிக்கெட்டில் சேர்த்துவிடுங்கள். 50 இருக்கை என்றால் 45 டிக்கெட் விற்றால் போதும். 20 கொண்டை ஊசி வளைவுகள். எலுமிச்சம்பழமும் பையும் உங்கள் பொறுப்பு.

சூரமங்கலம் நண்பர்: நுழைவுக் கட்டணத்தைச் சேர்த்து வென்றவருக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. அங்கீகரிக்கப்பட்ட இ-ஸ்போர்ட்ஸை (திறமைப் போட்டியாக ஆடும் மின்னணு விளையாட்டுகளை) அது தனியாகப் பார்க்கிறது. நம் மண்டபச் சந்திப்பு அந்த வரையறைக்குள் வருமா என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். என் வழி எளிது: டிக்கெட் காசு மண்டபத்துக்கும் ஏற்பாட்டுக்கும்; பரிசாக உள்ளூர்க் கடைக்காரர் தரும் இயர்போனும் பவர் பேங்கும்.

சங்ககிரி நண்பர்: மூன்று மாதம் முன்பே ஒரு விளையாட்டை நம்பி மண்டபம் பிடிக்கலாமா?

மண்டபம் பிடியுங்கள், விளையாட்டின் பெயரில் பிடிக்காதீர்கள். பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு 2023 மே மாதத்தில்தான் திரும்பியது. அதன் பெயர் போட்ட என் பதாகை இன்றும் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை மூடிக் கிடக்கிறது. ஊர் பெயரை வையுங்கள். பிறர் முத்திரையை அனுமதி இல்லாமல் பயன்படுத்திய சிக்கலும் வராது.

ஐந்து ரோடு நண்பர்: மண்டபத்து இணையம்?

ஆடுபவர்களுக்கு ஒரு இணைப்பு, பார்வையாளர்களுக்கு வேறு இணைப்பு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளா என்று முன்பே பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் ஒருமுறை ஜெனரேட்டருக்கு அலைந்தேன்.

மேட்டூர் நண்பர்: விற்காத டிக்கெட்டுகளைக் கடைசி நாளில் இலவசமாகக் கொடுத்துவிடலாமா?

கூடாது. காசு கொடுத்தவன் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பான். கூட்டம் காட்ட வேண்டுமென்றால் ‘பெற்றோருக்கு டிக்கெட் தேவையில்லை’ என்று அறிவியுங்கள். பின்வரிசையில், மின்விசிறிக்குக் கீழே பத்து நாற்காலி. பக்கத்திலேயே தட்டுவடை செட் கடை. ஒலிபெருக்கியை மட்டும் அந்தப் பக்கம் திருப்பி வைக்காதீர்கள்.