உயிர்த்தெழுதலுக்குச் சரித்திரம் எவ்வளவு தூரம் சாட்சி சொல்லும்?

கேள்வி: எங்கள் சபைக் கூட்டத்தில் பேசிய ஒருவர், ‘இயேசு உயிர்த்தெழுந்ததை நீதிமன்றத்திலேயே நிரூபிக்கலாம்’ என்றார். நம்பிக்கையை விட்டு விலகிவிட்ட என் அண்ணனோ, ‘எல்லாம் நூறு வருஷம் கழித்து யாரோ கட்டிய கதை’ என்கிறான். யார் சொல்வது சரி? இந்தக் குழப்பத்தோடு ஜெபிப்பது தவறா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை. அண்ணனின் நூறு வருஷக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம்.

ஆதிச் சபையின் அப்போஸ்தலரான பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதம் ஏறக்குறைய கி.பி. 53-55-ஐச் சேர்ந்தது. கடவுள் நம்பிக்கை இல்லாத ஆய்வாளர்களும் இதை ஒப்புக்கொள்கிறார்கள். இயேசு சிலுவையில் அறையப்பட்டது 30 அல்லது 33-இல். ஆக, இடைவெளி சுமார் இருபது, இருபத்தைந்து ஆண்டுதான். அந்தக் கடிதத்தின் 15-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார், கேபாவுக்கும் (பேதுருவின் இன்னொரு பெயர்) பன்னிரு சீடர்களுக்கும் காணப்பட்டார் என்று ஒரு வரிசை வருகிறது. மனப்பாடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய நடை அது. தான் பெற்றுக்கொண்டதையே ஒப்படைத்ததாகப் பவுலே சொல்கிறார். அப்படியானால் அந்தச் செய்தி கடிதத்துக்கும் மூத்தது. கலாத்தியருக்கு எழுதும்போது, தான் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கியதையும், அங்கே இயேசுவின் சகோதரன் யாக்கோபைப் பார்த்ததையும் குறிப்பிடுகிறார். சம்பந்தப்பட்டவர்களை நேரில் தெரிந்த ஒருவருடைய எழுத்து இது. நூறு வருஷக் கதை இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இயேசு மரித்தார் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. ரோம ஆளுநர் பிலாத்துவின் காலத்தில் அவருக்கு மரண தண்டனை நிறைவேறியதை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார். ‘சிலுவையில் அறைந்தவர்களை யாரும் அடக்கம் செய்ய விடமாட்டார்களே’ என்று சிலர் கேட்பதுண்டு. பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் 1968-இல் எருசலேமில் ஒரு குடும்பக் கல்லறையில், யெகோகனான் என்பவருடைய எலும்புப் பெட்டி கிடைத்தது. குதிகால் எலும்பில் இரும்பு ஆணி அப்படியே குத்தி நிற்கிறது. சிலுவையில் மாண்ட ஒருவரை உறவினர்கள் முறைப்படி அடக்கம் செய்திருக்கிறார்கள். இயேசுவின் கல்லறையைப் பற்றி இது எதையும் நிரூபிக்காது. அப்படி நடக்க வழியே இல்லை என்ற வாதத்தைத்தான் தட்டிவிடுகிறது.

சரி, இனி கூட்டத்தில் பேசியவர் விஷயம். நீதிமன்றம் என்றால் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். உயிர்த்தெழுந்த இயேசுவை ஒரே வேளையில் கண்டதாகப் பவுல் சொல்லும் ஐந்நூறு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லை, ஊர் இல்லை; இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களிலும் (மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்) அந்தச் சம்பவம் இல்லை. ‘எனக்கும் காணப்பட்டார்’ என்று ஒருவர் தானே எழுதியதாக எல்லா ஆய்வாளரும் ஏற்பது பவுலின் எழுத்தை மட்டும்தான். கல்லறையில் ஓர் இளைஞனைப் பார்த்ததாக மாற்கு சொல்கிறார். மத்தேயுவில் ஒரு தூதன், லூக்காவில் இரண்டு பேர். மாற்குவின் மிகப் பழைய முழுப் பிரதிகள் இரண்டில், பெண்கள் பயந்து யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடியதோடு புத்தகம் முடிகிறது. அதற்குப் பிறகு வரும் வசனங்கள் பின்னால் சேர்ந்தவை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. இதையெல்லாம் சபையில் மறைப்பது எனக்குப் பிடிக்காத காரியம். பிள்ளைகள் பிறகு வேறெங்கோ படித்துத் தெரிந்துகொள்ளும்போது, ஏமாற்றப்பட்டோம் என்றுதான் நினைப்பார்கள்.

பெண்கள்தான் முதலில் வெறுங்கல்லறையைக் கண்டார்கள் என்பதைப் பலர் வலுவான சான்றாகக் காட்டுகிறார்கள். அன்றைக்குப் பெண்களின் சாட்சிக்கு மதிப்புக் குறைவு. கதை கட்டுகிறவன் மகதலேனா மரியாளையா முன்னால் நிறுத்துவான்? நியாயமான வாதம். ஆனால் உடலுக்குச் சுகந்தவர்க்கம் பூசப் போகிறவர்கள் பெண்கள்தானே என்ற பதிலும் இருக்கிறது. சீடர்கள் உயிரைக் கொடுத்தார்களே என்று கேட்டால், அவர்கள் மனதார நம்பினார்கள் என்பதுவரைதான் அது காட்டும்.

என் மனதில் கனமாக நிற்பது யாக்கோபு. சகோதரர்களே இயேசுவை நம்பவில்லை என்று யோவான் எழுதுகிறார். பிறகு அதே யாக்கோபு எருசலேம் சபைக்குத் தலைவராகிறார். ஏறக்குறைய 62-இல் கல்லெறிந்து கொல்லப்பட்டதை யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் பதிவு செய்திருக்கிறார். நடுவில் என்ன நடந்தது? இயேசு யாக்கோபுக்கும் காணப்பட்டார் என்கிறார் பவுல்.

சரித்திரம் நம்மைக் கொண்டுவிடுவது இந்த இடம்வரை: மரித்தவரை உயிரோடு கண்டோம் என்று மிக ஆரம்பத்திலேயே சிலர் மனதார நம்பினார்கள். அவர்கள் கண்டது துக்கத்தில் எழுந்த தோற்றமா, உண்மையில் எழுந்தவரையா என்று தீர்மானிக்கும்போது, கடவுள் செயல்படுகிறவரா என்ற கேள்வியும் உள்ளே வந்துவிடுகிறது. கடவுளே இல்லை என்பவருக்கு எந்தச் சான்றும் போதாது. கடவுளை நம்பினால் மட்டும் கிறிஸ்தவராகிவிட வேண்டும் என்றும் இல்லை. பின்காஸ் லாபிதே என்ற யூத அறிஞர் உயிர்த்தெழுதல் நடந்தது என்று ஏற்றார்; இயேசுவை மேசியாவாக ஏற்கவில்லை. நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கையில் சான்றுக்கு அப்பாற்பட்ட ஒரு பகுதி உண்டு என்பதும் எனக்குத் தெரியும்.

ஜெபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தாராளமாக ஜெபியுங்கள். மத்தேயுவின் கடைசி அதிகாரத்தில், உயிர்த்தெழுந்தவரைப் பணிந்துகொண்ட இடத்திலேயே சிலர் சந்தேகப்பட்டார்கள் என்று இருக்கிறது. அவர்களை யாரும் வெளியே அனுப்பவில்லை.

அண்ணனோடு சண்டை வேண்டாம். முதலாம் கொரிந்தியர் 15, கலாத்தியர் 1, மாற்கு 16 மூன்றையும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். யாக்கோபு எப்படி மாறினார் என்று நீங்கள் அவரைக் கேளுங்கள். பவுலின் பட்டியலில் மகதலேனா மரியாளின் பெயர் ஏன் இல்லை என்று அவர் திருப்பிக் கேட்டால், அதற்கும் நிதானமாக இடம் கொடுங்கள்.