தண்ணீர் ஊற்றியும் லாவெண்டர் ஏன் வாடுகிறது?

நாள் முழுக்க வெயில் அடிக்கும் தோட்டத்தில் லாவெண்டர், சாண்டோலினா என்று வெள்ளி இலைச் செடிகளாகப் பார்த்து வைத்தேன், தினமும் தண்ணீர் ஊற்றியும் வாடுகின்றனவே என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அந்தத் 'தினமும்'தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே அக்கறையால் ஆறு லாவெண்டர் செடிகளைக் கொன்றவன் நான். நடைபாதை ஓரமாக வரிசையாக வைத்திருந்தேன். ஒரு நாள் மதியம் நுனிகள் தொங்கின. பாவம், தாகம் என்று ஒரு வாளி ஊற்றினேன். மறுநாள் இன்னும் தொங்கின. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு வாளி. பசியாகவும் இருக்கலாம் என்று மக்கிய உரம் வேறு. மூன்றாவது வாரம் அடி இலைகள் பழுப்பேற, ஒரு செடியைப் பிடித்து லேசாக இழுத்தேன். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வெளுத்து உறுதியாக இருக்க வேண்டிய வேர் கறுத்துக் கிடந்தது. இரண்டு விரலால் உருவினால் மேல்தோல் மட்டும் வழுக்கிக்கொண்டு வர, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மிச்சம். அடியில் சாக்கடை நாற்றம். மேலே இலையைக் கசக்கினால் அப்போதும் லாவெண்டர் மணம்! அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

வேருக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும். மண் சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடுவதுபோல வாடும். நாம் இன்னும் ஊற்றுவோம். வாடியதும் வாளியைத் தேடாமல், விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அது தாகம் இல்லை.

இலையின் வெள்ளி நிறமே அதன் மேல் அடர்ந்திருக்கும் நுண்ணிய ரோமம்தான். அது வெயிலைத் திருப்பியடிக்கும், இலையின் ஈரம் காற்றில் பறக்காமல் காக்கும். வறட்சிக்கென்றே உடுத்தி வந்த செடி. நிழலில் வைத்தால் அந்த வெள்ளி மங்கிப் பச்சையடிக்கும். மரிக்கொழுந்தின் சாம்பல் பூத்த இலையை உற்றுப் பாருங்கள், புரியும். அது ஆர்ட்டிமீசியா என்ற பேரினம், அதிலும் இப்படி வெள்ளி இலைச் செடிகள் நிறைய உண்டு.

இரண்டாவது முறை ஒரு அடி உயரத்துக்கு மேடு கட்டினேன். பாதிக்குப் பாதி பருமணலும் சிறு ஜல்லியும் கலந்த மண். மாவு மணல் உதவாது, அது இறுகிவிடும். தண்டின் அடி புதையாமல் சற்றுத் தூக்கி நட்டு, மேலே சருகு மூடாக்குக்குப் பதில் ஜல்லி பரப்பினேன். உரம் கிடையாது, கொழுத்து வளர்ந்தால் செடி சாயும், மணமும் குறையும்.

உடனே ஒருவர் வந்து "அப்போ தண்ணீரே வேண்டாமா?" என்பார். அப்படிச் சொல்லவில்லை ஐயா. முதல் ஆண்டு வேர் பிடிக்கும்வரை தண்ணீர் வேண்டும்: ஆழமாக ஒரு முறை, மண் காய்ந்த பிறகு மறுமுறை. தொட்டியில் வைத்தால் சீக்கிரம் காயும், அது வேறு கணக்கு. காற்றே புழுக்கமான இடமென்றால், பல் பல்லாக இலை விளிம்புள்ள லாவெண்டர் வகை மற்றதைவிடத் தாங்கும். நான் தாவரவியல் படித்தவன் இல்லை. செடி செத்துச் செத்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

இரண்டாவது முறையும் ஒன்று போனது. அது தண்ணீரால் அல்ல, கத்தரியால். பூ முடிந்ததும் பச்சைப் பகுதியில் மட்டும் வெட்ட வேண்டும். இலையே இல்லாத பழைய கட்டை வரை வெட்டினால் லாவெண்டர் பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது. கத்தரி என்றதும் ஞாபகம் வருகிறது. என் நல்ல கத்தரியைப் பக்கத்து வீட்டுக்காரர் "ஐந்து நிமிஷம்" என்று வாங்கிப்போய் ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே போட்டு, துருவோடு திருப்பித் தந்தார். அதால் கம்பி வெட்டியிருக்கிறார், வாயில் பள்ளமே விழுந்திருந்தது. கேட்டால் "முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு" என்கிறார். கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் எங்காவது சொல்லியாக வேண்டியிருந்தது.

சரி, உங்கள் செடிகளுக்கு வருவோம். இன்றே தண்ணீரை நிறுத்துங்கள். ஒன்றைத் தோண்டி வேரைப் பாருங்கள். வெளுத்த வேர் மிச்சமிருந்தால் மேட்டுக்கு மாற்றுங்கள். எல்லாம் கறுத்திருந்தால், மேலே பச்சையாக இருக்கும் பூக்காத நுனிகளில் பத்து சென்டிமீட்டர் வெட்டி, அடி இலைகளை உருவிவிட்டு, மணல் கலந்த மண்ணில் செருகி வையுங்கள், சில பிழைக்கும். வெட்டக் கத்தரி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.