தீப்பெட்டியில் தொடங்குங்கள்

அன்புள்ள ஐயா,

நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை. கோடை விடுமுறையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்டாப் மோஷன் அனிமேஷன், அதாவது பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் படமாக எடுத்து, தொடர்ந்து ஓடவிட்டு அசையவைக்கும் கலை, சொல்லிக்கொடுக்க ஆசை. போனில் எடுத்துப் பார்த்தோம். களிமண் பொம்மை நடக்காமல் வெட்டி வெட்டி இழுத்தது, வெளிச்சமும் மினுங்கியது. எல்லாவற்றையும் கணினியிலேயே செய்துவிடும் காலத்தில் இது தேவைதானா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். ஆனால் நடையில் தொடங்க வேண்டாம், அது கடைசிப் பாடம். முதலில் ஒரு தீப்பெட்டி மேஜையைக் கடக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே அளவு தள்ளினால் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் இருக்கும். தொடக்கத்தில் நூலளவு, பிறகு விரலளவு, நிற்கப்போகும்போது மறுபடி நூலளவு என்று தள்ளிப் பாருங்கள். பெட்டி தானாகக் கிளம்பித் தானாக நிற்கும். பிள்ளைகள் கத்திவிடுவார்கள். இரண்டு படங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் விடுகிறோம் என்பதில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது.

சினிமாவுக்கு நொடிக்கு 24 படங்கள். அனிமேட்டர்கள் பலரும் ஒவ்வொரு நிலையையும் இரண்டு முறை எடுத்து, 12 நிலைகளிலேயே ஒரு நொடியை முடித்துவிடுவார்கள். உங்களுக்கும் அது போதும்.

மினுங்கலுக்குக் காரணம், போன் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைப் புதிதாகக் கணக்கிடுவது. எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ் (தெளிவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் மாறாதபடி லாக் செய்யுங்கள். ஜன்னலை மூடி விளக்கு வெளிச்சத்தில் எடுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் பொம்மைமேல் விழும்.

முதல் நாள் ஸ்டாரேவிச்சைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர். மான்கொம்பு வண்டுகள் சண்டையிடுவதைப் படமெடுக்க விரும்பினார். அவை இரவில் நடமாடுபவை, விளக்கைப் போட்டதும் அசையாமல் கிடந்தன. அவர் விடவில்லை. செத்த வண்டுகளுக்குக் கம்பிக் கால்களை மெழுகால் ஒட்டி, அசைத்து அசைத்து 1910இல் அந்தச் சண்டையை எடுத்தார். பூச்சிகளையே நடிகர்களாக்கி அவர் எடுத்த படங்களைப் பார்த்த சிலர், பழக்கப்படுத்திய உயிருள்ள பூச்சிகள் என்றே நம்பினார்கள். பூச்சியின் அசைவை அவ்வளவு உற்றுப் பார்த்திருந்தார் அந்த மனிதர்.

கணினி பற்றிய உங்கள் சந்தேகத்துக்கும் என் பதில் அதுதான். கணினியில் எந்த அசைவையும் பிறகு திருத்திக்கொள்ளலாம். இங்கே ஐம்பதாவது படத்தில் கை தட்டிவிட்டால் பழைய நிலைக்கு அச்சாகத் திரும்புவது கடினம். அதனால் தொடுவதற்கு முன்பே யோசிக்க வேண்டியிருக்கிறது: பூனை குதிப்பதற்கு முன் எவ்வளவு பதுங்குகிறது, பந்து எந்த இடத்தில் வேகம் இழக்கிறது? ஓவிய வகுப்பில் நீங்கள் கற்றுத்தர விரும்பும் பார்வையும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தீப்பெட்டி வசப்பட்ட பிறகு களிமண்ணுக்கு வாருங்கள். உள்ளே மெல்லிய அலுமினியக் கம்பியை முறுக்கி எலும்பாக வையுங்கள். தெர்மகோல் பலகையைத் தரையாக்கி, ஊன்றிய காலைக் குண்டூசியால் குத்தி நிறுத்துங்கள். ஒரு கால் தூக்கி நிற்கும்போது பொம்மை விழாது.