கடைக்காரர் விற்கும் கூடுதல் வாரண்டி: பத்து நாளுக்குள் கட்டியே ஆக வேண்டுமா?

குழித்துறைக்குப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கணவர் குவைத்தில். ஓணம் ஆஃபரில் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய கடையில் 55 இஞ்ச் டிவி 48,990 ரூபாய்க்கு எடுத்திருக்கிறார்கள், கம்பெனி வாரண்டி ஒரு வருடம். பில் போடும் இடத்தில் இன்னும் 6,499 ரூபாய் கட்டினால் மூன்று வருட எக்ஸ்டென்டட் வாரண்டி என்று சொல்லியிருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார். இப்போது தினமும் போன், பத்து நாள் தாண்டினால் கிடைக்காதாம். மாமியோ, "கட்டிப் போடு பிள்ளே, இடி மின்னல் காலம் வருது" என்கிறாராம்.

கட்ட வேண்டாம். குறைந்தது இப்போது வேண்டாம், அந்தக் கடையிடம் வேண்டவே வேண்டாம்.

முதலில் மாமியின் பயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம் பக்கம் முக்கால்வாசிப் பேர் இந்தப் பயத்தில்தான் பணம் கட்டுகிறார்கள். ஐப்பசியில் மதியத்துக்கு மேல் இடி தொடங்கினால் டிவி, மோடம், செட்டாப் பாக்ஸ் என்று வரிசையாகப் போகும், அது உண்மை. ஆனால் மின்னலில் போனதை எக்ஸ்டென்டட் வாரண்டி அநேகமாக ஏற்பதில்லை. விதிமுறைத் தாளில் பொடி எழுத்தில் இருக்கும்: மின்னல், மின்னழுத்த ஏற்ற இறக்கம், தண்ணீர், உடைசல், எலி, பூச்சி, துரு. ரப்பர் விளைக்கு நடுவில் இருக்கும் ஒரு வீட்டில் டிவி எதனால் கெடுமோ அது அத்தனையும் அந்த ஒரே வரியில் விலக்கப்பட்டிருக்கிறது.

போன வருடம் அருமனைப் பக்கம் ஒரு வீட்டுக்கு டிவி பழுது பார்க்கப் போயிருந்தேன். டிவியின் பின்மூடியைக் கழற்றினால் பவர் போர்டில் ஃபியூஸுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பல்லிக்குஞ்சு காய்ந்து ஒட்டியிருந்தது, அதைச் சுற்றி போர்டு கருகியிருந்தது. எனக்கு முன்னால் வந்த வாரண்டிக்காரர் அதை மூன்று போட்டோ எடுத்து, 'பூச்சி பாதிப்பு, வாரண்டி பொருந்தாது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார். அந்தப் பெரியவர் வாரண்டிக்குக் கட்டியது ஐயாயிரம். நான் ஃபியூஸும் நாலு உதிரியும் மாற்றினேன், ஆன செலவு 1,800 ரூபாய். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், அதில் ஆறு வருடம் ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலேயே இருந்தேன். தயாரிப்புக் கோளாறு இருக்கிற சாமான் பெரும்பாலும் முதல் சில மாதத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும், அது கம்பெனியின் இலவச வாரண்டிக்குள் வந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டி ஓடிய டிவி அடுத்த இரண்டு மூன்று வருடம் தானாகக் கெடுவது குறைவு. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த இரண்டு வருடத்தைத்தான். கடையில் சொல்லும் மூன்று வருடத்தில் முதல் வருடம் பெரும்பாலும் கம்பெனி ஏற்கெனவே கொடுத்தது, ஆகவே கையில் வருவது இரண்டு.

கடையை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடை விற்கும் வாரண்டிக்கும் டிவி கம்பெனிக்கும் பெரும்பாலும் சம்பந்தமே கிடையாது. நடுவில் ஒரு ஏஜென்சி, அதற்குக் கீழே அவர்கள் பிடித்த மெக்கானிக். பில் போட்டவருக்கு அதில் கமிஷன், அதனால்தான் உங்களுக்குத் தினமும் போன். சில இடங்களில் பணத்தை வாங்கிக்கொண்டு பதிவே செய்வதில்லை, அல்லது சீரியல் நம்பரில் ஒரு எழுத்து மாறியிருக்கும், டிவி கெட்டுப் போன் போடும்போதுதான் "உங்கள் பேரில் ஒன்றும் இல்லையே" என்பார்கள். பழுது பார்க்க முடியாவிட்டால் பணம் திரும்ப வரும் என்கிறார்களே, அதுவும் தேய்மானம் கழித்துத்தான், பல நேரம் அதே கடையில் சாமான் வாங்கும் கூப்பனாக. தவணையில் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். லோனுக்கு ஓடிபி சொல்லுங்கள் என்று கேட்டு, அதே லோனுக்குள் வாரண்டித் தொகையையும் ஏற்றிவிடுகிறார்கள், வீட்டுக்கு வந்து தவணையைக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். இன்சூரன்ஸ் என்றால் கேள்வி கேட்க, இன்சூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ இருக்கிறது, இதைச் சர்வீஸ் ஒப்பந்தம் என்ற பெயரில் விற்பதால் அந்தக் கண்ணுக்கே தப்பிவிடுகிறது. எத்தனை வருடமாக இது நடக்கிறது, ஒருவரும் நிறுத்தவில்லை.

அப்புறம் எல்லை விஷயம். 1956 நவம்பர் 1-ல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும், கல்யாணம் காட்சி என்றால் இன்றும் திருவனந்தபுரத்துக்குத்தான் வண்டி ஏறுகிறோம். அதில் தப்பில்லை. கம்பெனி வாரண்டி இந்தியாவுக்குள் எங்கே வாங்கினாலும் பொதுவாகச் செல்லும், போன் போடும்போது பில்லில் உள்ள 695 பின்கோடைச் சொல்லாமல் வீட்டின் 629 பின்கோடைச் சொன்னால் போதும், இங்கிருந்தே ஆள் வருவார். கடை வாரண்டியில் அப்படி நடப்பதில்லை. களியக்காவிளையில் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு, தமிழ்நாடு எங்கள் ஏரியா இல்லை, டிவியைப் பாறசாலைக்குக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டு போனார். அங்கே ஓரத்தில் ஒரு கீறலைக் காட்டி, கொண்டு வந்ததில் அடிபட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, எந்தச் சூழ்நிலையிலும் கூடாதா? ஒன்று இருக்கிறது, அது உங்களுக்கே பொருந்தலாம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். பெரிய டிவியில் பயப்பட வேண்டிய ஒரே பாகம் பேனல், அதாவது படம் தெரியும் அந்தக் கண்ணாடிப் பகுதி. போர்டு போனால் இரண்டாயிரம் நாலாயிரத்தில் முடிந்துவிடும். 55 இஞ்சில் பேனல் போனால் புது டிவி விலையில் பாதிக்கு மேல் கேட்பார்கள், அதற்குப் புதிதே வாங்கலாம் என்று தோன்றிவிடும். ஆகவே டிவி கம்பெனியே விற்கிற கூடுதல் வாரண்டியில், பேனல் உண்டு என்று எழுத்தில் இருந்தால், தொகையும் டிவி விலையில் பத்தில் ஒரு பங்குக்குள், உங்களுக்கு ஐயாயிரத்துக்குள், இருந்தால் எடுக்கலாம். வீட்டில் பெண்களும் வயதானவர்களும் மட்டும் இருக்கிறீர்கள், மெக்கானிக்கைத் தேடி அலைய ஆள் இல்லை, அதற்காகவும் எடுக்கலாம். ஆனால் மூன்றையும் பாருங்கள்: கம்பெனி, பேனல், விலை. "எல்லாம் கவர் ஆகும்" என்று வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டாம், பேனல் என்ற சொல் தாளில் இருக்க வேண்டும். பேனல் உண்டு என்று சொல்லிவிட்டு, கோடு விழுந்தாலும் கரும்புள்ளி வந்தாலும் இல்லை என்று அடுத்த பக்கத்தில் எழுதுகிறவர்களும் உண்டு, அதையும் படியுங்கள். இதற்கு அவசரமும் இல்லை. பல கம்பெனிகள் இலவச வாரண்டி முடிவதற்கு முன்பு வரை இதை விற்கின்றன, அவர்களின் இலவச எண்ணில் கேட்டால் கடைசித் தேதியைச் சொல்வார்கள். பத்து மாதம் ஓட்டிப் பாருங்கள், அதற்குள் டிவியின் குணம் தெரிந்துவிடும், அப்புறம் கம்பெனியிடம் நேரடியாகக் கட்டுங்கள்.

ஏற்கெனவே கடையில் கட்டி ஏமாந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதியுங்கள். அதில் முடியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ம் பிரிவுப்படி, வாங்கியது கேரளாவில் என்றாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலேயே, வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். திருவனந்தபுரத்துக்குத்தான் போக வேண்டும் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் வாய்தா மேல் வாய்தா, எதிர்த்தரப்பு பதில் போட அவகாசம் என்று இழுக்கும். ஆறாயிரம் ரூபாய்க்காக ஒருவர் வேலையைக் கெடுத்துக்கொண்டு பஸ் ஏறி அலைவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அந்த 6,499-ல் பாதியைக் கொண்டு ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், நம் பக்கம் பழைய வீடுகளில் எர்த் குழி காய்ந்து கிடக்கும், கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். டிவிக்கு ஒரு நல்ல சர்ஜ் புரொடெக்டர், அதாவது மின்னழுத்தம் திடீரென்று ஏறினால் தடுக்கும் கருவி, மாட்டுங்கள். வானம் இருட்டினால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, டிஷ்ஷிலிருந்து வரும் ஒயரையும் கழற்ற வேண்டும், மின்னல் அந்த வழியாகவும் வரும். மாமிக்கு எந்த ஒயர் என்று தெரிய அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள்.